பெண்கள் பக்கத்து மானிட்டர்

அந்த வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது காலை ஒன்பதேகால் மணி. பின் சீட்டில் கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், உருண்டுவிடாமல் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டப்பட்டு, பதினேழு அங்குல மானிட்டர் ஒன்றும் உட்கார்ந்திருந்தது.

சிரிக்க வேண்டாம். தன் கல்யாணத்துக்குத் தானே மானிட்டர் கொண்டுபோன பெண் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே ஷப்ரீன் ஒருத்திதான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும் இல்லையா? அவர்கள் குடும்பங்களில் நிக்காஹ் ஆண்கள் கூடத்தில் நடக்கும். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதுவதும் மாப்பிள்ளை சம்மதம் சொல்வதும் காதில் விழும், கண்ணில் படாது. கல்யாணப் பெண் பாடு இன்னும் மோசம். அவள் உள் அறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, அவள் வாழ்க்கை பக்கத்துக் கூடத்தில் பேசி முடிந்துவிடும்.

ஷப்ரீன் பஜார் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று வருஷமாகப் பாடம் எடுப்பவள். "என் நிக்காஹ நான் பாக்க வேணாமா?" என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல் வழியையும் அவளே கண்டுபிடித்தாள். கூடத்துத் தூணில் ஒரு வெப்கேமரா, திரையோரம் ஒரு லேப்டாப், அதிலிருந்து கேபிள் போட்டுப் பெண்கள் அறையில் ஒரு பெரிய மானிட்டர். அவ்வளவுதான் வேலை.

"சூப்பர்டீ! லேப்டாப் நான் தரேன்," என்று துள்ளியவள் சாய்ரா.

சாய்ரா யாரென்று சொல்லிவிடுகிறேன். அதே சென்டரில் மூத்த டீச்சர். லினக்ஸ் என்றால் என்ன, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து எப்படி வேலை வாங்குவது என்றெல்லாம் ஷப்ரீனுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள். ஷப்ரீனுக்கு அம்மா இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து கடையை மாற்றிக்கொண்டு அவளும் அவளைப் பெற்ற அத்தா அப்துல் ஜப்பாரும் இந்த ஊருக்கு வந்த புதிதில், ஒரு பெருங்காய்ச்சலில் விழுந்தாள். அப்போது தினமும் கஞ்சி கொண்டுவந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள் சாய்ராதான். தன் தம்பி ஜாசிமுக்கு அவளைப் பேசி முடித்ததும் சாய்ராதான். "உன்ன மாதிரி ஒருத்தி எங்க வூட்டுக்கு வரணும்னுதான்டீ இத்தினி நாளா அவனுக்குக் கல்யாணமே பண்ணாம வெச்சிருந்தோம்," என்று சொன்னாள். ஷப்ரீன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். யார்தான் நம்பமாட்டார்கள்?

அது இரண்டாயிரத்து எட்டு, ஆவணி மாதம். முகூர்த்த நாள் என்று ஊரிலிருந்த மண்டபங்களை எல்லாம் மற்றவர்கள் முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். ரம்ஜான் நோன்பு பிறப்பதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்பதால், மாப்பிள்ளை வீட்டிலேயே நிக்காஹ் என்று முடிவானது. சந்துக்குள் உள்வாங்கி நிற்கும் பழைய வீடு அது. சுவர்கள் தடித்தவை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தாலும் உள்ளே விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும்.

பெண்களுக்கு ஒதுக்கிய அறை கூடத்தை ஒட்டியிருந்தது. நடுவில் கதவு, கதவில் கனத்த பச்சைத் திரை. உள்ளே புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதற்கு மேல் அத்தர், மல்லிகை, கொல்லைப் பக்கமிருந்து பிரியாணி தம் போடும் வாசனை. ஒரே ஒரு ஜன்னல், அதையும் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கதவின் வெளிப்பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் பூட்டு மாட்டும் வளையத்தோடு இருந்தது. உள்பக்கத்தில் கொக்கிகூட இல்லை.

"உள்ள தாப்பா இல்லியாக்கா?"

"பயைய வூடுடீ, அப்படித்தான் கீது. நீ மொதல்ல பொடவய மாத்து," என்றாள் சாய்ரா.

புடவை கட்டி, நகை போட்டு, தலைக்கு முக்காடு போட்டு முடிக்கும்போது மணி பத்தரை. அறையில் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டார். ஷப்ரீன் பக்கத்தில் சொல்லிக்கொள்ள மானாம்பதி மாமி ஒருத்திதான். அவள் வாய் நீளம், மனசு பெரிசு. "பொண்ணு குந்தியிருக்க வேண்டிய நேரத்துல ஒயரு மாட்டிகினு கீதே," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? லேப்டாப் திரையில் கூடம் அழகாகத் தெரிந்தது. ஜமுக்காளம், தொப்பி போட்ட ஆண்கள், நடுவில் மாலையோடு ஜாசிம். மானிட்டரிலோ எதுவும் இல்லை. சிக்னல் வரவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. ஷப்ரீன் கேபிளை உருவிப் பார்த்தாள். பதினைந்து கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தது. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, மருதாணி விரலால் அந்தக் கம்பியை மெதுவாக நிமிர்த்தி, மறுபடி மாட்டினாள். லேப்டாப்பில் கட்டளையை அடித்தாள். இரண்டு திரையிலும் ஒரே படம் வர வேண்டும் என்பது அந்தக் கட்டளை.

மானிட்டர் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு வெளிச்சமானது. பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்று கைதட்டினார்கள்.

மானாம்பதி மாமிதான் முதலில் பார்த்தாள்.

"ஏன்டீ, ஆம்பளைங்க நடுவுல போயி குந்திகினு கீறாளே, யாரு அவ?"

கடைசி வரிசையில், இன்னொரு தூணை ஒட்டி, முக்காடு போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பழுத்த இலை நிறப் புடவை. ஷப்ரீன் லேப்டாப்பைப் பார்த்தாள். அதே கூடம், அதே தூண். அங்கே யாரும் இல்லை.

திரையை விலக்கி நேராகவே எட்டிப் பார்த்தாள். தூணருகில் சுருட்டி வைத்த பாய் ஒன்று சாய்ந்திருந்தது.

அவள் திரும்பியபோது ஒன்றைக் கவனித்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், அதுவரை மானிட்டரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் ஒன்றாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க? யாரும் இல்லியே," என்றாள் அவர்களில் ஒருத்தி, தலையை நிமிர்த்தாமலே.

"கேபிள் பயசுடீ," என்று சாய்ரா சட்டென்று சொன்னாள். "நெயல் உயுது. நாமளே சென்டர்ல எத்தினி தடவ பாத்துகீறோம்."

ஷப்ரீன் அதையும் நம்பினாள், பாருங்கள். சொல்லிக்கொடுத்த குரு சொல்கிறாள், எப்படி நம்பாமல் இருப்பாள்? பழைய கேபிளில் உருவத்துக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு உருவம் விழும், அது உண்மைதான். ஆனால் நிழல் விழ ஓர் ஆள் வேண்டாமா? அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை. வேலை பழுதாகிவிட்டதே என்ற கவலையில், மானிட்டருக்குப் போகும் படத்தை நிறுத்தி, மறுபடி அனுப்பினாள்.

படம் மறைந்து வந்தது. இப்போது அந்தப் பெண் இரண்டாவது வரிசையில் இருந்தாள்.

அறையில் அத்தர் வாசனை குறைந்து வேறு ஒரு வாடை எழுந்தது. பல நாள் காய்ச்சலில் கிடந்தவர் படுக்கையின் வாடை அது. வேர்வையும் கசப்பு மருந்தும் காயாத துணியும் கலந்த நெடி. புதுச் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து அது கசிவதுபோல் ஷப்ரீனுக்குத் தோன்றியது.

என்னென்ன திரைகள் மாட்டப்பட்டிருக்கின்றன என்று லேப்டாப்பையே கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. அதை அடித்தாள். பதில் இரண்டே வரி. லேப்டாப்பின் சொந்தத் திரை இருக்கிறது. வெளி மானிட்டர் எதுவும் மாட்டப்படவில்லை.

மாட்டப்படவில்லை.

அப்படியானால் எதிரே தெரிவது யார் அனுப்பும் படம்?

தோளுக்குப் பின்னால் நின்று சாய்ராவும் அந்த வரியைப் படித்தாள். அவள் மூச்சு ஷப்ரீனின் கழுத்தில் சூடாகப் பட்டது. "டிரைவர் சாஃப்ட்வேர் ப்ராப்ளம்டீ. உட்டுடு. ஆஃப் பண்ணிடலாம். எல்லாம் முடிஞ்சப்புறம் வீடியோல பாத்துக்கலாம்," என்றாள். சொன்ன வேகத்தில் மானிட்டர் பட்டனை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், நகம் மடங்கும் வரை அழுத்தினாள்.

அணையவில்லை.

ஷப்ரீன் கேபிளைப் பிடுங்கினாள். அதன் முனை அவள் கையில் தொங்கியது. மானிட்டரில் கூடம் தெரிந்துகொண்டே இருந்தது.

பதினோரு மணி. அந்த வருஷம் தினமும் அந்த நேரத்துக்கு மின்சாரம் போகும். அன்றும் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விளக்குகள் அணைந்தன. பலகை அடித்த ஜன்னலில் ஒரு கீற்று வெயில் மட்டும் நின்றது.

மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் இப்போது ஜாசிமின் பக்கத்தில் இருந்தாள்.

மெதுவாகத் திரும்பினாள். இளம் முகம். உதடு வெடித்து, கண் குழிந்து, கழுத்தில் கருகமணி. அது கல்யாணமானவள் கழுத்தில் ஏறுவது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவையும் தாண்டி, அறைக்குள் நின்றவர்களில் ஒருத்தியை மட்டும் பார்த்தாள். அவள் பார்வை சாய்ரா மேல் இருந்தது.

அப்போதுதான் கொல்லையிலிருந்து சுற்றி வந்து, திரையை விலக்கிக்கொண்டு மேரி நுழைந்தாள். அந்த வீட்டில் பாத்திரம் துலக்குபவள், அறுப்பு நாளில் வயலுக்கும் போவாள். கையில் ரோஸ்மில்க் தட்டு. மானிட்டர் வெளிச்சத்தைப் பார்த்தாள். தட்டு கையைவிட்டு நழுவி, டம்ளர்கள் தரையெங்கும் உருண்டன.

"கர்த்தரே... பதுருன்னிசாம்மா."

"மேரி, வெளிய போ!" என்று சாய்ரா கத்தினாள்.

"இரு மேரி." ஷப்ரீனின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "யாரு பதுருன்னிசா?"

மேரி சாய்ராவைப் பார்த்தாள், மணப்பெண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "இன்னா பாப்பா, ஒனக்குத் தெரியாதா? தெருவுக்கே தெரியுமே. ஒனக்கும் தெரியும்னுதான நெனச்சிகினு இருந்தேன். ஜாசிம் தம்பியோட சம்சாரம். செத்து நாலு வருசம் ஆவுது."

"எப்படி செத்தாங்க?"

"இந்த ரூம்புலதான்." மேரி குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பூர் பக்கத்துப் பொண்ணு. புருசன் அடிக்கிறான், அம்மா வூட்டுக்கே போறேன்னு கெளம்பிச்சு. உள்ள தள்ளி தாப்பா போட்டாங்க. அப்பதான் ஜொரம் வந்துது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா அப்படியே ஓடிடும்னு தொறக்கவே இல்ல. ஒம்போது நாளு. கஞ்சி குடுக்கசொல்ல மட்டும் தொறப்பாங்க. கடைசி ரெண்டு நாளு அதுவும் இல்ல. கதவ நகத்தால பறாண்டிகினே இருந்துது பாப்பா. பூட்டுச் சாவி..."

அவள் நிறுத்திக்கொண்டாள். யாரிடம் இருந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மானிட்டரில் இருந்தவள் இன்னும் சாய்ராவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷப்ரீன் சாய்ராவின் பக்கத்திலிருந்து ஓர் அடி விலகினாள். பேய்க்குப் பயந்து இல்லை. தன் நெற்றியில் ஈரத்துணி போட்ட கையை நினைத்து. இந்தக் கைதான் இங்கே கதவைப் பூட்டிவிட்டு, அதற்கடுத்த வருஷம் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியது. அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு இவளைப் பெற்ற தாய் மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே என்று தனக்குள் குமுறினாள்.

"சாவி உங்கிட்டதான இருந்துச்சு?"

சாய்ரா அழ ஆரம்பித்தாள். "என் தம்பி சொன்னான்டீ, நான் இன்னா பண்றது? அவ ஓடிப் போயிருந்தா எங்க மானம் போயிருக்கும். ஒனக்கு சொன்னா நீ வேணாம்னுடுவியோன்னு பயந்தேன். ஒன்ன என் தங்கச்சி மாதிரி நெனச்சிதான்டீ..."

"என்ன தங்கச்சி மாதிரி நெனச்சி, இந்த ரூம்புக்கே இட்டுகினு வந்தியா?"

சாய்ரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

திரைக்கு அப்பால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. நிக்காஹுக்கு முன் பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வருவது அவர்கள் வழக்கம். அத்தா அப்துல் ஜப்பார் திரையை விலக்கி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு சாட்சிகள் வாசலிலேயே நின்றார்கள். அவர் கையில் நிக்காஹ் பதிவு செய்யும் தஃப்தர் நோட்டு இருந்தது. மின்சாரம் போன இருட்டில் அதைத் தடவி, லேப்டாப் மேஜை மேல் விரித்து வைத்து, பேனாவையும் பக்கத்தில் வைத்தார்.

"ஷப்ரீன், ஜாசிமுக்கு உன்ன நிக்காஹ் பண்ணிக் குடுக்க எனக்கு சம்மதம் தரியாம்மா?"

"அத்தா, பதுருன்னிசாவ உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கை தாடிக்குப் போனது. அந்த ஒரு அசைவு போதுமாயிருந்தது.

"சம்சாரம் தவறிட்டவருன்னு சொன்னாங்கம்மா," என்றார் மெதுவாக. "உங்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னாங்க. நல்ல எடம். நானும் எத்தினி நாளைக்கு இருப்பேன்?"

"எப்படி தவறினாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன் அத்தா கேக்கல?"

அவர் தரையைப் பார்த்தார். சற்றுமுன் அந்தப் பெண்கள் பார்த்த அதே தரை. ஷப்ரீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரே மறைத்தது, சிநேகிதி மறைத்தாள், எல்லாம் போகட்டும். அம்மா போன பிறகு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷர், ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார். கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கூடத்திலிருந்து ஹஜ்ரத்தின் குரல் வந்தது. "என்ன தாமதம்? பொண்ணு வாயால சொல்லட்டும். எங்க காதுல விழணும்."

சாய்ரா அவள் கையைப் பிடித்தாள். "ஷப்ரீன், மானம் போயிடும்டீ. எல்லார் மானமும்."

ஷப்ரீன் அந்தக் கையை எடுத்து விலக்கினாள்.

"எனக்கு சம்மதம் இல்ல."

கூடம் முழுவதும் கேட்டது. உடனே ஆண்களின் சலசலப்பு, ஜாசிமின் மாமா யாரோ கத்துவது. அதற்கு மேலே ஹஜ்ரத் ஓங்கிச் சொன்னார்: "பொண்ணு வேணாம்னு சொல்லிட்டா. அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது. சம்மதம் இல்லாம நிக்காஹ் இல்ல. தஃப்தரக் கொண்டாங்க."

"வாடி என் ராசாத்தி, போலாம்," என்று மானாம்பதி மாமி அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அவளுக்குக் கட்ட வைத்திருந்த கருகமணி தட்டில் அப்படியே கிடந்தது. ஷப்ரீன் அதைத் தொடவில்லை. மானிட்டரைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அதில் இப்போது எதுவும் இல்லை, வெறும் கறுப்புக் கண்ணாடி. அந்தச் சீக்கு வாடையும் அறையை விட்டுப் போயிருந்தது.

அப்பாடா என்று அவள் மூச்சுவிட்டாள். அந்த மூச்சை முழுசாக விட்டு முடிப்பதற்குள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹஜ்ரத் கூப்பிட்டார். வாசலில் நின்ற சாட்சி ஒருவர் தஃப்தரை எடுத்துப் போய் அவரிடம் கொடுத்திருந்தார்.

"அம்மா, கொஞ்சம் இரு. வேணாம்னு சொல்லிட்டு கையெழுத்து மட்டும் எதுக்குப் போட்ட?"

"நான் எதுவும் போடல ஹஜ்ரத். பேனாவையே தொடல."

திரைக்கடியில் தஃப்தர் உள்ளே நீண்டது. அத்தா வாங்கி, ஜன்னல் கீற்றின் வெளிச்சத்தில் பிடித்தார். ஷப்ரீன் எட்டிப் பார்த்தாள். சாய்ராவும் பார்த்தாள். மணமகன் பெயர், தகப்பன் பெயர், தேதி எல்லாம் ஹஜ்ரத் எழுதியபடி இருந்தன. மணமகள் ஒப்பம் என்ற இடத்தில், நடுங்கிய கோணல் எழுத்தில், பதுருன்னிசா என்று இருந்தது. அத்தாவின் கட்டைவிரல் பட்ட இடத்தில் மை இழுபட்டது. இன்னும் காயவில்லை.

சாய்ரா சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள்.

கூடத்தில் ஆண்கள் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். மின்சாரம் இன்னும் வரவில்லை. அந்த அரை இருட்டில், ஜமுக்காளத்தின் நடுவில், மாலையைக் கழற்றாமல் தனியாக உட்கார்ந்திருந்த ஜாசிமின் குரல் கேட்டது. உரக்க இல்லை, பக்கத்தில் இருக்கும் யாரிடமோ கெஞ்சுவதுபோல்.

"யாருங்க அது? கைய உடுங்க... உடுங்கன்றேன்ல."